பொம்பதூர் அம்மாளின் பத்தொன்பது வருஷம்

ஜூன் 3
இந்த மாதம் படிப்பெல்லாம் பிரெஞ்சு ராஜா பதினைந்தாம் லூயியின் ஆசைநாயகி மதாம் தெ பொம்பதூர் பற்றித்தான். 1721இல் பாரிஸில் பிறந்த ழான் அந்துவானெத் புவாசோன். வசதியான வட்டத்தில் வளர்ந்தவர், ஆனால் பிரபு குலம் இல்லை. லூயி ஆசைநாயகி வைத்துக்கொண்டது வெர்சாய் அரண்மனைக்காரர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த இடத்துக்குக் காசுக்கார வர்க்கத்துப் பெண் வந்துவிட்டாளே என்பதுதான் வயிற்றெரிச்சல். 1745 பிப்ரவரி முகமூடி நடனத்துக்கு ராஜா கத்தரித்துவிட்ட மரம்போல வேஷம் கட்டி வந்தாராம். அந்த வருஷத்துக்குள்ளேயே கணவரிடமிருந்து பிரிவினை, மார்க்கி என்ற பிரபுப் பட்டம் எல்லாம் ஆயிற்று.

ஜூன் 5
செப்டம்பர் 14, அரசவை அறிமுகம். ராணி மரி லெசின்ஸ்காவின் முன்னால் போய் வணங்கியாக வேண்டும். ராணி உடுப்பைப் பற்றி ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவார் என்று கூட்டம் காத்திருந்தது. ராணியோ இருவருக்கும் தெரிந்த ஒரு சீமாட்டியைப் பற்றி விசாரித்தார். இவருக்கு வாய் குழறிவிட்டது. கடைசிவரை ராணியிடம் மரியாதை குறையாமல்தான் நடந்துகொண்டார். 1756இல் ராணியின் பணிச்சீமாட்டிப் பதவியும் கிடைத்தது. ராணிக்கு மனசில்லை, ஆனால் மறுக்க வழியில்லை.

ஜூன் 9
1750 வாக்கிலேயே ராஜாவோடு உடலுறவு முடிந்துவிட்டது. ஆனால் செல்வாக்கு அதற்குப் பிறகுதான் ஏறியது. எனக்குத் தோன்றுகிற காரணம், லூயிக்கு எதுவும் சீக்கிரம் சலித்துவிடும், அதைப் போக்கத் தெரிந்தவர் இவர். வேட்டை முடிந்து வந்தால் சிறு விருந்து. தனி மேடையில் நாடகம், நடிப்பதும் பாடுவதும் இவரே. மந்திரிகளுக்கும் ராஜாவைப் பிடிக்க இவர் தயவு வேண்டியிருந்தது. இவரைக் கேலி செய்த பாட்டு விவகாரத்தில் 1749இல் மந்திரி மொரெபாவின் பதவியே போயிற்று.

ஜூன் 12
1757 ஜனவரி 5. தமியேன் என்பவன் ராஜாவைச் சிறு கத்தியால் குத்தினான். காயம் பெரிதில்லை, ஆனால் ராஜா செத்துவிடுவோம் என்று பயந்து பாதிரியாரைக் கூப்பிட்டுவிட்டார். பாவமன்னிப்பு என்று வந்தால் ஆசைநாயகி வெளியேற வேண்டும். 1744இல் மெட்ஸ் நகரில் ராஜா நோயில் விழுந்தபோது அப்போதைய ஆசைநாயகி ஷாத்தோரூ சீமாட்டியை அப்படித்தான் துரத்தினார்கள். பொம்பதூருக்கு நாள்கணக்கில் ராஜாவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மந்திரி மஷோ வந்து போய்விடச் சொன்னார். பெட்டி கட்டத் தொடங்கியாயிற்று. தோழி மிர்ப்வா சீமாட்டி உள்ளே வந்து, ஆட்டத்தை விட்டு எழுந்தவர்தான் தோற்றவர் என்று தடுத்தார். பெட்டி பிரிந்தது. ராஜா திரும்பி வந்தார். பிப்ரவரி முதல் தேதியே மஷோவுக்குப் பதவி இல்லை.

ஜூன் 16
1756இல் ஆஸ்திரியாவோடு கூட்டு. பேச்சுவார்த்தைக்கு வழி திறந்ததே இவர் மூலமாகத்தான். பிறகு இங்கிலாந்தோடும் பிரஷ்யாவோடும் ஏழாண்டுப் போர். ரோஸ்பாக் சண்டையில் தோற்ற பிரெஞ்சுத் தளபதி சூபீஸ் இவருக்கு வேண்டியவர். எங்கள் புதுச்சேரி 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் கைக்குப் போனதும், கோட்டையும் ஊரும் இடித்துத் தரைமட்டமானதும் இதே போரில்தான். அதற்காகப் பழியை இந்த அம்மாள் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஒப்பந்தம் லூயியின் முடிவு. இங்கே பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் பணமும் இல்லை, துணைக்குக் கப்பலும் இல்லை.

ஜூன் 19
1764 ஏப்ரல் 15இல் வெர்சாயிலேயே இறந்தார், 42 வயதில். ராஜ குடும்பத்தார் மட்டுமே அங்கே உயிர்விடலாம் என்ற வழக்கம் இவருக்காகத் தளர்ந்தது. செவ்ர் பீங்கான் தொழிற்சாலை இவர் ஆதரவில் வளர்ந்தது. 1753இல் பாரிஸில் வாங்கிய மாளிகையை ராஜாவுக்கே எழுதிவைத்தார். அதுதான் இன்றைய எலிசே. பிரெஞ்சு ஜனாதிபதி அங்கேதான் குடியிருக்கிறார்.