தண்ணீரைப் பிடித்தல்

நாகர்கோவிலில் உள்ள ஒரு 25 மீட்டர் குளத்தில் பதினான்கு ஆண்டுகளாக நீச்சல் பயிற்சியாளராகப் பணியாற்றி வருகிறேன். முன்பெல்லாம் கோடை விடுமுறைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளே என் மாணவர்கள். அண்மை ஆண்டுகளில், விடியுமுன் ஆரல்வாய்மொழி வரை சைக்கிள் மிதித்துத் திரும்புபவர்களும் மாரத்தான் ஓடியவர்களும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்காக வரத் தொடங்கியிருக்கிறார்கள். உழைப்புக்கு அஞ்சாத இவர்களுக்குக் கற்பிப்பது ஏன் கடினம் என்பதை, ஒரு வங்கி அலுவலரின் பயிற்சியில் நான் செய்த தவறுதான் எனக்குப் புரியவைத்தது.

முப்பத்தெட்டு வயதான அவர், கோவாவில் நடைபெறும் அயர்ன்மேன் 70.3 போட்டியை மனத்தில் வைத்து வந்திருந்தார். கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், பிறகு 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்காதவருக்கு அடுத்த கட்டம் இல்லை. "மாஸ்டர், எனக்கு மூச்சு பத்தல, அது ஒண்ணுதான் பிரச்சினை" என்றார். நானும் அதை அப்படியே நம்பி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டரை மாதம் கழித்தும் 1,500 மீட்டருக்கு 42 நிமிடம் என்பதிலிருந்து அவர் நகரவில்லை. வலது தோளில் வலியும் சேர்ந்துகொண்டது. அந்த வலிக்கு நானே பொறுப்பு.

அதுவரை கரையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்று நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவருக்குப் பக்கத்துத் தடத்தில் மூழ்கிப் பார்த்தேன். மூச்செடுக்க அவர் தலையை முன்னோக்கித் தூக்கினார். தூக்கிய மறுகணமே இடுப்பு இறங்கி, பாதங்கள் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் கீழே தொங்கின. முன்னால் நீண்ட கை முழங்கையில் மடியாமல் விறைப்பாகத் தண்ணீரைக் குளத்தின் தரையை நோக்கி அழுத்தியது. அந்த அழுத்தம் உடலை மேலே தூக்கியதே ஒழிய முன்னே நகர்த்தவில்லை. 25 மீட்டரைக் கடக்க அவருக்கு 31 கைவீச்சுகள் தேவைப்பட்டன.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதில் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால் எதிர்ப்பு 21 விழுக்காடும், அதை வெல்ல ஒவ்வொரு விநாடியும் செலவிட வேண்டிய ஆற்றல் 33 விழுக்காடும் கூடும். எனவே, தொங்கும் கால்களோடு வேகமாக நீந்த முயல்பவர் தன் பலத்தின் பெரும்பகுதியைத் தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும் உடலோடு போராடுவதிலேயே செலவழிக்கிறார். முட்டத்தில் கட்டுமரம் ஏறிய என் பெரியப்பா, சிறுவனான என் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டு, "வெள்ளத்த அடிக்காத மக்களே, பிடி" என்பார். எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிய பின்னும், அந்தச் சொல்லை என் தொழிலோடு பொருத்திப் பார்க்க எனக்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஆறு வாரங்களுக்குத் தூரத்தை முற்றிலும் நிறுத்தினோம். சுவரை உதைத்து, பார்வையைத் தரையின் கறுப்புக் கோட்டில் வைத்து மிதப்பதில் தொடங்கி, பக்கவாட்டில் கிடந்து ஆறு முறை காலடித்துப் புரள்வதற்கு வந்தோம். மூச்சைப் பொறுத்தவரை, அவருக்குக் காற்று போதாமல் இல்லை. முகம் நீருக்குள் இருக்கும்போது காற்றை வெளியே விடாமல் அடக்கிவைத்திருந்ததே நெருக்கடிக்குக் காரணம். குமிழி விட்டுக்கொண்டே இருக்கவும், மூச்செடுக்கும்போது கண்ணாடியின் ஒரு பக்கம் நீருக்குள்ளேயே இருக்கவும் பழகியதும் அந்தத் திணறல் பெருமளவு அடங்கியது.

எல்லாவற்றையும்விட அவருக்கு உதவியது, விரல்களை மடக்கி முஷ்டியோடு நீந்தும் பயிற்சி. உள்ளங்கை இல்லாதபோது முன்கையால்தான் தண்ணீரைப் பிடித்தாக வேண்டும். அதற்கு முழங்கை உயர்ந்தே நிற்க வேண்டும். நான்கு லேப் முஷ்டியோடு நீந்திவிட்டு ஐந்தாவதில் விரல்களை விரித்தவர், பாதியிலேயே நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை பெருசான மாதிரி இருக்கு மாஸ்டர்" என்றார். அந்த உணர்வைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

தொடைகளுக்கு இடையே வைக்கும் 'pull buoy' என்ற மிதவையை நான் மிகக் குறைவாகவே தருகிறேன். அது கால்களைத் தூக்கிக் காட்டிக் குறையை மறைத்துவிடும். குளிர்நாடுகளில் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சலுடை அந்த மிதப்பைத் தருகிறது; ஆனால் கோவாக் கடலோ நம் கடலோ, போட்டி விதிகள் வெட்சூட்டை அனுமதிக்கும் அளவுக்குக் குளிர்வதில்லை. காலடியையும் ஒரு கைவீச்சுக்கு ஒன்று என்று குறைத்தேன், ஏனெனில் கால்கள் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் மிச்சமிருக்க வேண்டும்.

வேகத்துக்கு வந்தது அதற்குப் பிறகே. 400 மீட்டரையும் 200 மீட்டரையும் முழு முயற்சியோடு நீந்தவைத்து, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால், நெடுந்தூரத்தில் ஏறக்குறைய தாங்கக்கூடிய 100 மீட்டர் வேகம் கிடைக்கும். தொடக்கத்தில் அது 2 நிமிடம் 45 விநாடி. அந்த வேகத்தில் 100 மீட்டரைப் பத்து முறை, இடையே 15 விநாடி ஓய்வு. கைவீச்சின் எண்ணிக்கை வழக்கத்தைவிட இரண்டு கூடினால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிடுவேன். களைப்பில் பழகும் பிழை எளிதில் போகாது. ஐந்து மாதத்தில் 2 நிமிடம் 20 விநாடிக்கு வந்தார். கைவீச்சு 23 ஆயிற்று. தோள் வலி அதற்கு முன்பே போய்விட்டது.

ஜனவரியில் குளச்சலில் கடலுக்குப் போனோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் யாரையும் நான் கடலில் இறக்குவதில்லை; கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரெனப் பொங்கும் அலை) எச்சரிக்கை இருந்தால் எந்த மாதமானாலும் இல்லை; பக்கத்தில் ஒரு வள்ளம் கட்டாயம். கறுப்புக் கோடு இல்லாத கடலில் நேராகப் போக, நம் மீனவர்கள் பார்க்கும் கணியத்தையே கற்றுக்கொடுத்தேன். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கோபுரம் வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நாமும் வலப்பக்கம் விலகியிருக்கிறோம். கண்கள் மட்டும் நீருக்கு மேலே வந்து பார்த்துவிட்டு, அதே அசைவில் தலையைப் பக்கவாட்டில் திருப்பி மூச்செடுக்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் பழைய குறை திரும்பிவிடும்.

அலை வலப்பக்கமிருந்து வரும் நாட்களில் அவர் இன்னும் சிரமப்படுகிறார். இடப்பக்கம் மூச்செடுக்கும்போது நீட்டிய வலக்கை இன்னும் கீழே சரிகிறது. இந்த மாதம் முழுவதும் அந்த ஒரு கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.