மொட்டை மாடியில் ஒரு கொம்புத் தேனடை

மார்ச் 10, 2024

அடையாறு வீட்டு மொட்டை மாடியில், செம்பருத்திக் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குத் தேன்கூடு. கொம்புத் தேனீதான். ஒரே அடை, கிளையைச் சுற்றி மேலே தடித்து, கீழே தொங்குகிறது. தேன் மேல்பகுதியில், குஞ்சுகள் கீழே. தேனீக்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காக மூடியிருப்பதால் அடை கண்ணிலேயே படவில்லை. கிளையின் இரு பக்கமும் பிசின் பூசி வைத்திருக்கின்றன. எறும்பு தாண்ட முடியாது.

மார்ச் 13

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேலே வந்தார். "பசங்க விளையாடுற இடம் மேடம், ஆளைக் கூப்பிட்டுக் கொளுத்திடலாம்" என்றார். எனக்குப் பதறிவிட்டது. கீழே தெருமுனையில் குவித்திருக்கும் திண்டிவனம் தர்பூசணியைக் காட்டிச் சொன்னேன்: அந்தக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீ மாதிரி ஏதாவது ஒன்று சுமந்து போனால்தான் காய். போதிய மகரந்தம் சேராவிட்டால் காய் கோணலாகிவிடும். பூசணி, வெள்ளரிக்கும் இதே கதைதான். கொஞ்சநேரம் யோசித்தார். சரி, அந்த மூலையில் கயிறு கட்டிப் பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைப்போம் என்று முடிவானது.

மார்ச் 24

வெயில் கொளுத்துகிறது. தேனீக்கள் அடைமேல் நின்று இறக்கையால் விசிறுகின்றன. குஞ்சுகளுக்கு 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். அதைத் தாண்டினால் ஆபத்து. தண்ணீர் கொண்டுவந்து, அது ஆவியாகும் குளிர்ச்சியில் அடையைக் காப்பாற்றும். மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். கல் இல்லாவிட்டால் விழுந்து மூழ்கிவிடும்.

ஏப்ரல் 2

இன்று நடனம் பார்த்தேன்! கிளைமேல் உள்ள தட்டையான பகுதியில் ஒரு வேலைக்காரத் தேனீ வயிற்றை ஆட்டி ஆட்டி ஓடியது, திரும்பி வந்து மறுபடியும் அதே திசை. பூ எந்தப் பக்கம் என்று மற்றவற்றுக்குச் சொல்கிறது. பெட்டியில் வளரும் தேனீ இருட்டில், செங்குத்தான அடையில் ஆடுவதால் சூரியனுக்கும் பூவுக்கும் இடையிலான கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து சாய்த்துக் காட்டும். கொம்புத் தேனீக்கு அந்தக் கணக்கு வேண்டாம், நேரே பூவைப் பார்த்தே ஓடுகிறது. ஆட்டம் நீண்டால் தூரம் அதிகம். இதை ஆராய்ந்தறிந்த விஞ்ஞானி கார்ல் வான் ஃபிரிஷ்ஷுக்கு 1973இல் நோபல் பரிசு. நான் பார்த்த தேனீ காட்டிய திசையில் பூத்திருக்கும் வேப்பமரம் இருக்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூ பச்சடி. பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்கிறார்கள். ராணியும் வேலைக்காரியும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருகிறார்கள், ஊட்டும் உணவுதான் வேறு என்றதும் ஒரு சிறுமி நம்பவே இல்லை.

ஏப்ரல் 27

கூட்டம் கிளம்பிவிட்டது. இருந்தும் சில தேனீக்கள் திரும்பி வந்து பழைய மெழுகைக் கொறித்துக் காலில் ஒட்டி எடுத்துப் போகின்றன, புதிய அடைக்கு. அதனால் கிளையை வெட்ட வேண்டாம் என்றேன்.

அடுத்த பிளாக் தண்ணீர்த் தொட்டியடியில் மலைத் தேனீ பெரிய அடை கட்டியிருக்கிறதாம். அது கோபக்காரத் தேனீ, கல்லெறிந்தால் துரத்தும். கயிறு மட்டும் போதாது. ஆனால் பூக்காலம் முடிந்ததும் அதுவும் தானே இடம் மாறும். அதுவரை அந்த மாடிக் கதவைப் பூட்டி வைக்கும்படி நாளைச் சங்கக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன்.