எதிர்ப்பக்கம் புல்-அப் இருக்கா சார்?

போர்டை வரைந்த ஜூனியர் அவ்வளவுதான் கேட்டாள். புல்-அப் என்றால் லைனை மேல் வோல்ட்டேஜுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர். "அதான் டெஸ்ட் பெஞ்ச்ல ஓடுதேம்மா, அப்புறம் என்ன?" என்றேன் நான். "சரி சார்" என்று போய்விட்டாள். அந்தச் 'சரி'யை எந்தக் குரலில் சொன்னாள் என்று எத்தனை முறை யோசித்தும் பிடிபடவில்லை.

இந்தப் பக்கம் 3.3 வோல்ட் கன்ட்ரோலர், அந்தப் பக்கம் 5 வோல்ட் டிஸ்ப்ளே கார்டு. நடுவில் வோல்ட்டேஜை மாற்றிக்கொடுக்க ஒரு சிப் வேண்டும். எட்டு லைனில் ஏழு போகும், கார்டு வேலையாக இருக்கிறது என்று சொல்லும் பிஸி சிக்னல் மட்டும் திரும்பி வரும். அவள் வரைந்திருந்தது ஏஹெச்சிடி245, திசையை நாமே கட்டிவைக்கும் பஃபர் சிப். 5 வோல்ட்டில் ஓடினாலும் 2 வோல்ட் வந்தாலே ஹை, அதாவது 1 என்று எடுத்துக்கொள்ளும், 3.3 தாராளம். பிஸிக்குத் தனியாக, 5 வோல்ட்டை 3.3க்கு இறக்க ஒரு எல்விசி கேட். நான் இரண்டையும் அடித்துவிட்டு டிஎக்ஸ்பி0108 போடச் சொன்னேன். ஒரே சிப், திசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

போர்டில் இடம் நெருக்கடி. அந்த நேரத்துக்கு அது தப்பான தேர்வில்லை என்றுதான் இன்றும் வாதாடுவேன். ஆனால் ஏழு லைனுக்குத் திசை மாறவே போவதில்லை. மாறாத திசையைக் கண்டுபிடிக்க ஒரு சிப் எதற்கு? அன்று இது தோன்றவில்லை.

கஸ்டமரின் கார்டில் லைனுக்கு லைன் 4.7 கே (கிலோ ஓம்) புல்-அப். எங்கள் பெஞ்சில் இருந்த பழைய கார்டில் அது கிடையாது. டிஎக்ஸ்பி சிக்னல் மாறும் எட்ஜில் மட்டும்தான் பலமாகத் தள்ளும்; மற்ற நேரம் 4 கே வழியாகச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் வோல்ட்டேஜைப் பங்கிடும் டிவைடராகி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய லோ ஸ்கோப்பில் 2.3 வோல்ட்டில் தொங்கியது. 50 கேக்குக் குறைவாகப் புல்-அப் போடாதே என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது.

மீட்டிங்கில், "புல்-அப் பற்றி கஸ்டமர் சொல்லவில்லை" என்றேன். உண்மைதான், சொல்லவில்லை. இவள் கேட்டாள் என்பதை நானும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். டிராயிங்கில் 'வரைந்தவர்' கட்டத்தில் இருந்தது அவள் பெயர்.

எல்லாக் கேள்விக்கும் நின்று பதில் சொன்னால் எந்த போர்டும் வெளியே போகாது. சரி, அந்தக் கேள்விக்கு ஒரு மெயில் போதுமாயிருந்தது.

அடுத்த ரிவிஷனில் அவள் வரைந்த 245தான் ஏறியது. ரிவ்யூவுக்கு இப்போதும் வருகிறாள். முன்போலக் கேள்வி கேட்பதில்லை. அனுபவம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.