சிபிலும் பிளாட்லாக்கும்

ஜூன் 4, 2025

என்ற சிபில் ஸ்கோர் 664. காலையில பாத்தாலும் அதே, ராத்திரி பாத்தாலும் அதே. கடனை ஒழுங்காக் கட்டறமான்னு பாத்து 300-ல இருந்து 900 வரைக்கும் மார்க் போடறாங்க. 750-க்கு மேல இருந்தா மேனேஜரே உக்காரச் சொல்லி டீ தருவாராட்ட இருக்குது. பிளாட்லாக் தையல் மிசினுக்கு லோன் கேட்டா நமக்கு "பாத்துச் சொல்றமுங்க" மட்டுந்தான்.

ஜூன் 5

புகார் பதிஞ்சாச்சு. அக்கா வீட்டுக்காரர், மச்சானோட தறிக்கடனுக்கு நான் ஜாமீன் போட்டது. தறியை இரும்பு வெலைக்கு எடை போட்டுப் போன வருசம் மாசியிலயே முச்சூடும் கட்டியாச்சு, கடன் பாக்கி இல்லைன்னு குடுத்த என்ஓசி பீரோவுல இருக்குது. என்ற ரிப்போர்ட்டுல மட்டும் அந்தக் கடன் நிலுவையிலயே நிக்குது. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு மார்க் போடறது நாலு கம்பெனி. வருசத்துக்கு ஒருக்கா ஒவ்வொண்ணும் ஓசியில ரிப்போர்ட் தரோணும். நாலையும் எடுத்துப் பாத்தேன். ஒண்ணுல முடிஞ்சதுங்குது, இன்னொண்ணுல முடியலைங்குது. பைனான்ஸ்காரன் ஒரு பக்கம் சொல்லிட்டு மறுபக்கம் சொல்லாம விட்டிருக்கறான்.

ஜூன் 6

அக்கா போன். எடுக்கல.

ஜூன் 9

பேக்கரியில ஒருத்தன். "பத்தாயிரம் குடுங்ணா, 800 ஆக்கித் தரேன்." கடன் குடுத்தவன் திருத்தி அனுப்பாம அந்தக் கம்பெனியே ஒரு எழுத்தை மாத்த முடியாது, இவன் எதைக் கிழிப்பான்? டீக்காசையும் என்ற தலையிலயே கட்டிட்டுப் போனான்.

ஜூன் 12

கார்டு லிமிட் 80,000. நூலு, ஊசி, ஷெட் வாடகை எல்லாம் அதுலதான். பில் போடற அன்னிக்கு 70,000 பக்கம் நிக்கும். ஒரு மாசங்கூடப் பிந்தாம முழுசாக் கட்டறேன். அது போதாதாம். லிமிட்டுல முப்பது சதவீதத்துக்குள்ள புழங்கினாத்தான் நல்லவனாம், அதுக்கு மேல போனா கடனுக்குப் பறக்கறவனாம். தையல் மிசின் போட்டுப் பவர் டேபிள் நடத்தறவன் கார்டைப் பூஜையறையில வெக்கவா வாங்கினான்? திட்டிக்கிட்டேதான் செஞ்சேன்: பில் தேதிக்கு முன்னாடியே 50,000 கட்டியாச்சு. பில்லுல நிக்கற தொகைதான் மார்க் போடற கம்பெனிக்குப் போகுதாம்.

ஜூன் 16

664. இந்த 2025 ஜனவரியில இருந்து கடன் குடுக்கறவங்க மார்க் கம்பெனிக்கு மாசம் ரெண்டு தடவ கணக்கு அனுப்பணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, 15-ம் தேதியும் மாசக் கடைசியும். அதனால 16 ஆனா கை தானாப் போனுக்குப் போகுது. "நோண்டி நோண்டியே கொறச்சுப் போடாதீங்க"ங்கறா வீட்டுல. நாமளே பாத்தாக் கொறையாது. வேற பேங்க்ல போய் லோன் கேட்டு, அவன் எடுத்துப் பாத்தாத்தான் கொறையும். அதனாலதான் வேற எங்கியும் எழுதிப் போடாம உக்காந்திருக்கறேன்.

ஜூன் 21

கரண்ட் இல்ல. ஆர்டரும் இல்ல.

ஜூன் 28

அக்காவே வந்திருச்சு, பை நெறைய முருங்கைக்காயோட. "என்னாலதான சாமி, இந்தத் தோட்டை வெச்சு மிசின எடு." சத்தம் போட்டுட்டேன். சாப்பிடாமப் பஸ் ஏறிருச்சு.

ஜூலை 6

முப்பது நாள் தாண்டியாச்சு. இனி திருத்தற வரைக்கும் ஒரு நாளைக்கு நூறு ரூவா நமக்குத் தரோணும், 2024 ஏப்ரல்ல இருந்து அப்படித்தான் சட்டம். அடுத்தது ரிசர்வ் பேங்க்ல புகார் கேக்கற ஓம்பட்ஸ்மேன்தான்னு பைனான்ஸுக்கு மெயில் போட்டேன். இத்தன நாளா வாராத பதில் ஒரு மணி நேரத்துல வந்திருச்சு!

ஜூலை 11

மாறிருச்சு. கடன் முடிஞ்சது, நிலுவை பூஜ்யம்.

ஆனா கீழ 36 மாசத்துக்குக் கட்டம் போட்டிருக்கறாங்க, எத்தன நாள் பிந்துச்சுன்னு. அது அழியாது, நெசமாவே பிந்துனதுதான். 034, அதாவது 34 நாள், பாப்பாவுக்குக் காலேஜு பீஸ் கட்டின மாசம். 061, 092, மச்சான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப. அதுக்கப்பறம் தறி வித்தது. அவங்க ஊட்டுக் கதை என்ற பேருல இருக்குது. அக்காகிட்ட இதைச் சொல்லல. கடன் முடிஞ்சதுன்னு மட்டும் சொன்னேன். அழுதுச்சு.

ஜூலை 17

701. மேனேஜர் "இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமுங்க"ங்கறார்.

அவிநாசி ரோட்டுல ஒரு செகண்ட்ஹேண்ட் பிளாட்லாக் வந்திருக்குதாம். பாதி கையில குடுத்தாப் போதும், மீதியை ஆடி கழிச்சு வாங்கிக்கறேங்கறார் விக்கறவர். மார்க் எல்லாம் அவரு கேக்கல. நாளைக்குப் போய் ஓட்டிப் பாக்கோணும், தையல் விடுதான்னு.