வெள்ளிக்கிழமை காமிக்ஸும் மாதக் கணக்கும்

செப்டம்பர் 2, 2025

ஆகஸ்ட் கணக்கை எழுதி முடித்தேன். கல்யாண கேரிகேச்சர் (மணமக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து கொடுப்பது) மூன்று, 10,500 ரூபாய். வாசகர்கள் யுபிஐயில் அனுப்பியது 6,340. வாசகர்கள் மாதச் சந்தா கட்டி ஆதரிக்கும் வெளிநாட்டுத் தளமான பேட்ரியானிலிருந்து வங்கிக்கு வந்து சேர்ந்தது 3,900 சொச்சம். கேரிகேச்சர் தொகைதான் பெரிது, ஆனால் அதை நம்பி வாடகைக்குத் தேதி சொல்ல முடியாது. ஆடியில் ஒரு ஆர்டர்கூட வரவில்லை, ஆவணி பிறந்ததும் மூன்றும் சேர்ந்து வந்தன, இன்னும் இரண்டு வாரத்தில் புரட்டாசி வந்துவிடும், மறுபடி ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டும். வாசகர்கள் அனுப்பும் ஐம்பதும் நூறும் ஆடியிலும் வந்தது. இணையத்தில் நான் இலவசமாகப் போடும் லேடீஸ் ஹாஸ்டல் காமிக்ஸ் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவது அந்தப் பணத்தால்தான்.

செப்டம்பர் 6

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: "அக்கா, பேட்ரியான்ல கார்டு போட்டா எடுக்கவே மாட்டேங்குது, நான் வேற எப்படி அனுப்பறது?" இதே கேள்வி மாதாமாதம் யாரிடமிருந்தாவது வருகிறது, அதனால் இங்கேயே எழுதிவைக்கிறேன். மாதாமாதம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த புது விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதாமாதம் எடுக்கலாம் என்ற ஒப்புதலைப் பதிவு செய்ய வேண்டும், ஓடிபி வேண்டும், எடுப்பதற்கு முன்னால் தகவல் சொல்ல வேண்டும். கார்டு வைத்திருப்பவருக்கு அது நல்ல பாதுகாப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அன்றிலிருந்து வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகும் சின்னச் சந்தாக்கள் நிறைய பாதியில் நின்றுபோயின. கொடுக்க மனமிருந்தும் வழியில்லாமல் எத்தனை பேர் திரும்பிப்போயிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

யுபிஐயில் ஐம்பது அனுப்பினால் ஐம்பதும் அப்படியே வருகிறது. பேட்ரியானில் மூன்று டாலர் கொடுத்தால், என்னுடைய பழைய திட்டத்தில் 8 சதவீதம் தளத்துக்கு, அப்புறம் பணம் கைமாறும் கட்டணமாக 5 சதவீதமும் மேலே 10 சென்ட்டும். கிட்டத்தட்ட ஐம்பது சென்ட் அங்கேயே போய்விடும், ரூபாயாக மாற்றும்போது இன்னும் கொஞ்சம். 2025 ஆகஸ்டிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தளத்தின் பங்கே 10 சதவீதம். ஆனாலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு அதுதான் சுலபம், ஆகவே இரண்டும் இருக்கட்டும். யுபிஐக்காரர்களுக்கு ஒன்றாம் தேதி நானே நினைவூட்டிப் பதிவு போடுகிறேன்.

செப்டம்பர் 11

"தமிழ் வாசகன் காசு கொடுக்க மாட்டான், ஆங்கிலத்தில் வரை" என்று இன்றும் ஒருவர் அறிவுரை சொன்னார். இதை நான் ஏற்கவே மாட்டேன். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல். இன்றைக்கும் அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே சந்தா கட்டும் வாசகர்களை நம்பித்தான் அச்சாகின்றன. அட்டையைக்கூடப் பார்க்காமல் வருஷச் சந்தா கட்டிவிட்டு கூரியருக்குக் காத்திருக்கிற கூட்டம் நம்மிடம் இருக்கிறது!

அமெரிக்காவில் ரிச் பர்லூ 2003இலிருந்து குச்சி உருவங்களை வைத்து இணையத்தில் இலவசமாகக் காமிக்ஸ் போட்டுவந்தார். 2012இல் தீர்ந்துபோன தொகுப்புகளை மறுபடி அச்சடிக்க மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் உதவி கேட்டபோது கிட்டத்தட்ட 15,000 பேர் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். ஏற்கெனவே ஓசியில் படித்து முடித்த கதைக்கு! அந்த அளவு எனக்கு வராது, வரவும் வேண்டாம். மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்க ஐந்நூறு பேர் போதும், வேறெந்த வேலையும் எடுக்காமல் வாரம் இரண்டு அத்தியாயம் வரைவேன்.

செப்டம்பர் 18

ஒரு நிறுவனம் ஹாஸ்டல் வார்டன் பாத்திரத்தைத் தங்கள் ஆப் விளம்பரத்துக்குக் கேட்டிருந்தது. நாற்பதாயிரம். ஒப்பந்தம் இன்று வந்தது, "அனைத்து உரிமைகளும், அனைத்து ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மாவை வரைய நான் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு வருஷம், இந்தியாவுக்குள், இணைய விளம்பரத்துக்கு மட்டும் என்று மாற்றி அனுப்பினேன். முடியாது என்றார்கள். நானும் முடியாது என்றேன்.

வரைகிற தம்பி தங்கைகள் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று அவர்கள் மறக்காமல் எழுதுவது அதனால்தான்.

செப்டம்பர் 25

நாள் முழுக்க வசனம் எழுத்துப்போடுவதிலேயே போயிற்று. 800 பிக்சல் அகலம், போனில் விரலால் தள்ளிப் படிப்பது. "சொல்லிக்கொண்டிருந்தாளாமே" என்று வார்டன் ஒரு வார்த்தை பேசினாலே வசனப் பலூன் படக் கட்டத்தின் முக்கால் பங்கை அடைத்துவிடுகிறது. அதனால் முதலில் எழுத்தை வைத்து, அதைச் சுற்றிப் பலூன் போட்டு, மிச்சமிருக்கும் மூலையில்தான் முகத்தை வரைகிறேன். இன்று அந்த மூலையில் வார்டனின் மூக்குக்கண்ணாடியும் ஒரு புருவமும்தான் இடம் பிடித்தன, அந்த ஒற்றைப் புருவத்திலேயே கோபம் முழுசாக வந்துவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

அக்டோபர் 4

திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போனேன். முதல் தொகுப்பு, 64 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் கலர். "நாலு ஃபாரம்மா, நூறு காப்பின்னா டிஜிட்டல்ல போட்டுக்கோ, ஐந்நூறுன்னா ஆஃப்செட். நடுவுல நிக்காதே," என்றார் அச்சக அண்ணன். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். நூறு போட்டால் ஒன்று 74 ரூபாய், ஐந்நூறு போட்டால் 36. ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு எத்தனை காப்பி போட்டாலும் ஒன்றுதான்.

தபால்தான் இடிக்கிறது. புத்தகங்களுக்கென்று மலிவாக இருந்த பதிவு புக் போஸ்ட்டை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், பதிவுத் தபாலும் இந்த வருஷம் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. 150 ரூபாய் புத்தகத்துக்குத் தபால் செலவைத் தனியாகக் கேட்டால் பாதிப்பேர் யோசிப்பார்கள். ஆகவே இரண்டு பிரதி சேர்த்து வாங்கினால் தபால் செலவு என்னுடையது. தோழிக்கு ஒன்று கொடுங்கள்.

முன்பதிவு இன்று இரவு திறக்கிறது, யுபிஐ கியூஆர் கடைசிப் படத்தில் இருக்கிறது. ஐப்பசி முதல் தேதிக்குள் இருநூறு சேர்ந்தால் ஐந்நூறு அடிக்கச் சொல்லிவிடுவேன், மிச்சத்தை ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் ஏதாவது ஒரு ஸ்டாலில் வைக்கக் கேட்டிருக்கிறேன். சேராவிட்டால் நூறு டிஜிட்டலில். வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும்போது குறிப்பில் பெயரும் பின்கோடும் எழுதுங்கள்.