வேட்டை பார்த்த சிப்பிப்பாறையும் எங்கள் வீட்டுப் பூனைகளும்

நாயும் பூனையும் கட்டிப்பிடித்துத் தூங்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இதை வாசிக்க வந்திருந்தால் ஏமாற்றம்தான். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை, நடக்கப்போவதும் இல்லை. நடந்தது இவ்வளவுதான்: பூனை குறுக்கே போனால் நாய் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. அதுவும் இரண்டு பூனைகளில் ஒன்றிடம் மட்டும். எனக்கு அது போதும், ஆரம்பத்திலிருந்தே நட்பை எதிர்பார்க்கவில்லை, அலட்சியத்தைத்தான் எதிர்பார்த்தேன்.

செவலை, சாத்தூர் பக்கம் என் பெரியப்பா வளர்த்த சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய். முட்டிவலி கூடிப்போய் அவர் மகனோடு சென்னை ஃபிளாட்டுக்குப் போக வேண்டியிருந்தது, நாய் மதுரையில் எங்களிடம் வந்தது. பெட்டை, 3 வயது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம், அதற்கெல்லாம் கூட்டிப்போனதில்லை என்று பெரியப்பா சொன்னார். ஆனால் கரிசல் காட்டில் அவிழ்த்துவிட்ட நாய் சும்மா இருக்குமா, எலி, ஓணான் என்று எதையாவது கவ்விக்கொண்டு வருமாம். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்துப் பூனை. இதை அவர் மறைக்காமல் சொன்னது பெரிய உபகாரம். பூனையைக் கொன்றிருக்கிற நாய் என்று தெரிந்தே தொடங்கியதால், "பார்ப்போமே, பழகிவிடும்" என்கிற பேச்சுக்கே வீட்டில் இடம் இருக்கவில்லை.

எங்களிடம் இருக்கும் பூனைகள் குண்டன், சுந்தரி. குண்டன் பேருக்கேற்ற மாதிரி, எதற்கும் அசையமாட்டான். சுந்தரி நேர்மாறு, குக்கர் விசில் அடித்தாலே பரணில் ஏறிவிடுவாள். இந்தக் குண வித்தியாசம்தான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

நாய் வருவதற்கு முன்பே வீட்டை இரண்டாகப் பிரித்தோம். முன்பக்கம் ஹாலும் வராந்தாவும் செவலைக்கு. பின் அறை, சமையலறை, பரண் எல்லாம் பூனைகளுக்கு. நடுவில் மரக்கதவு இருந்தது, அதோடு ஒரு கிரில் கேட்டும் இருந்தது. கிரில் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சிப்பிப்பாறையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நீண்ட ஒடுங்கிய மூக்கு நம் வீட்டு கிரில் கம்பிகளுக்கு நடுவே தாராளமாக நுழையும். எனவே வெல்டு மெஷ் என்கிற நெருக்கமான கம்பிவலை வாங்கி, கேட் முழுக்கக் கேபிள் டை போட்டுக் கட்டி, அதன்மேல் பழைய போர்வையைத் தொங்கவிட்டோம். பூனைகளின் மலத்தொட்டியும் சாப்பாடும் நாய் எட்டாத பக்கத்தில். (பூனை மலம் தின்பதில் எந்த ஜாதி நாய்க்கும் கூச்சம் கிடையாது.)

வந்த முதல் சாயங்காலம் போர்வை ஓரமாக குண்டனின் வால் தெரிந்தது. செவலை குரைக்கவில்லை, உறுமவில்லை. வாய் மூடிக்கொண்டது, காது முன்னால் வந்தது, ஒரு முன்னங்கால் தரையிலிருந்து எழும்பி அப்படியே நின்றது. அம்மா பார்த்துவிட்டு "பரவாயில்லையே, சத்தமே போடல" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. குரைத்து, குதித்து, பின்வாங்கும் நாய் பயத்திலோ விளையாட்டிலோ இருக்கலாம், அதோடு வேலை செய்ய முடியும். சத்தமில்லாமல் உறைந்து நிற்கும் நாய் வேட்டையில் இருக்கிறது. கோபத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சங்கிலி அது. இந்த நாய்களைத் தலைமுறை தலைமுறையாக முயல் பிடிக்கவே வளர்த்திருக்கிறார்கள், கண்ணால் பார்த்துத் துரத்தும் ஜாதி, ஓடுகிற எதுவும் அவற்றுக்கு இரைதான். ஓட்டம் தொடங்கிவிட்டால் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. எனவே நிறுத்தினால் அந்த முதல் பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. பூனையைக் கையில் பிடித்து நாயின் மூக்குக்கு நேரே காட்டு என்றார் ஒருவர். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பூனை மிரண்டு உங்கள் கையைக் கிழிக்கும், நாயின் கண்ணைக் கிழிக்கும், அப்புறம் குதித்து ஓடும், ஓடினால் கதை முடிந்தது. அம்மாவின் யோசனை, ரெண்டு போடு போட்டால் அடங்கிவிடும் என்பது. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் என்ன கற்றுக்கொள்ளும்? பூனை வந்தால் வலி வரும் என்று கற்றுக்கொள்ளும். பூனைமேல் வெறுப்புதான் கூடும்.

நாங்கள் செய்தது சலிப்பூட்டும் வேலை. முதலில் வாசனை மட்டும். பூனைகள் படுத்த துண்டு ஹாலுக்கு, நாய் படுத்த சாக்கு பின் அறைக்கு. குண்டன் அந்தச் சாக்கின்மேலேயே படுத்துத் தூங்கினான். சுந்தரி சீறிவிட்டுப் பரணுக்குப் போனவள் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை. பூனை சாப்பிடாமல் கிடப்பதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஓரிரு நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தாலே கல்லீரல் பாதிக்கப்படலாம். கடுவன் பூனைக்கு மன அழுத்தத்தில் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும், தொட்டியில் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால் நாயின் வேகத்துக்குப் போகாமல் சுந்தரியின் வேகத்துக்குப் போனோம். அவள் சாப்பிட்டால் அடுத்த படி, சாப்பிடாவிட்டால் சாக்கை எடுத்துவிட்டு முந்தைய படி.

அப்புறம் போர்வையைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினோம். செவலை ஹாலின் அந்தக் கோடியில் என்னோடு, மெஷ்ஷுக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு குண்டன். என் கையில் அவித்த ஆட்டு ஈரல். செவலை பூனையைப் பார்த்த அந்த நொடியில், உறைவதற்குள், "சபாஷ்" என்று சொல்லி ஈரல் கொடுப்பேன். கொஞ்ச நாளில் பூனையைப் பார்த்ததும் அவளாகவே என் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள், எங்கே ஈரல் என்று. எனக்கு வேண்டியது அந்தத் திரும்பல்தான். ஈரலை மூக்குக்கு நேரே நீட்டியும் வாங்காமல் முறைத்துக்கொண்டே இருந்தால் பூனை ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திட்டாமல் பேசாமல் நாலடி பின்னால் போய்விடுவேன். நாய் சாப்பிடுகிறதா என்பதைவிடத் துல்லியமான அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

கயிறு விஷயம். இந்த நாய்களுக்குத் தலை சிறுத்து கழுத்து பெருத்திருக்கும், சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே கழற்றிவிடும். இழுத்தால் அளவாக இறுகும் மார்ட்டிங்கேல் பட்டையோ, வயிற்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸோ வேண்டும். நீளக் கயிறு வீட்டுக்குள் ஆபத்து, அது இறுகுவதற்குள் நாய் முழு வேகம் பிடித்துவிடும். வாய்க்கூடும் பழக்கினோம், கூடையின் உள்ளே தயிர் தடவி அவளாகவே முகத்தை நுழைக்கும்வரை. வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டவே வேண்டாம், மதுரை வெயிலில் நாய் வாய் திறந்து மூச்சிரைத்தால்தான் உடம்பு குளிரும். வாய்க்கூடு போட்டாயிற்றே என்று தைரியமும் வேண்டாம், கடிக்க முடியாவிட்டாலும் அந்த உடம்பு வேகமாக வந்து மோதினால் பூனைக்கு எலும்பு முறியும்.

ஓட்டம் இல்லாவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது. விடிவதற்கு முன்னால் வேலி போட்ட காலி மனையில் ஓடவிடுவேன், ஒரு கம்பின் நுனியில் கந்தலைக் கட்டி இழுத்துத் துரத்த விட்டு, நடுவில் "விடு" பழக்குவேன். துரத்தும் ஆசை ஓட்டத்தில் தீர்ந்துபோகாது, ஆனால் களைத்த உடம்பு ஹாலில் படுக்கும். கந்தல் விளையாட்டு வெளியில் மட்டும், வீட்டுக்குள் ஒரு நாளும் கிடையாது.

ஒரே அறைக்குள் விட்டது ரொம்ப நாள் கழித்துதான். வாய்க்கூடு போட்டு, கயிற்றை என் இடுப்பில் கட்டி, செவலையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு கதவைத் திறந்து வைத்தோம். பூனையை யாரும் தூக்கி வரவில்லை. குண்டன் அவனாகவே வந்தான், அவன் பாணியில், அவசரமே இல்லாமல், ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்தான். செவலை பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஈரல் வாங்கினாள். இதையே அலுக்க அலுக்கச் செய்தோம். இப்போது நாங்கள் இருக்கும்போது இருவரும் ஒரே ஹாலில் கிடக்கிறார்கள்.

சுந்தரியிடம் இது பலிக்கவில்லை. அவள் ஓடுவாள், அவள் ஓடினால் செவலையின் கண் மாறிவிடும். அவளை ஓடாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்க யாராலும் முடியாது. சில தடவை முயன்று பார்த்து விட்டுவிட்டோம். செவலை வராந்தாவில் அடைபட்டிருக்கும் நேரத்தில் சுந்தரிக்கு ஹால், மற்ற நேரம் பின் அறை.

பழகியது வீட்டுக்குள் மட்டும்தான் என்பது கேஸ் சிலிண்டர் வந்த அன்று தெரிந்தது. கொல்லைக் கதவு திறந்திருந்ததில் குண்டன் நழுவி காம்பவுண்டு சுவரில் ஏறிவிட்டான். நான் செவலையை நடக்கவைத்துக் கூட்டிவந்துகொண்டிருந்தேன். ஹாலில் பக்கத்தில் படுக்கிற அதே பூனை, ஆனால் சுவர்மேல் பார்த்ததும் முன்பின் தெரியாத இரைபோலப் பாய்ந்தாள். ஹார்னஸ் தாங்கியது, என் தோள்பட்டைதான் ஒரு வாரம் வலித்தது. அதற்கப்புறம் கொல்லைப்பக்கமும் வலை அடித்துவிட்டோம்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு ஒன்று. எவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் உங்கள் நாய் பூனையைப் பார்த்தபடி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, ராவெல்லாம் கதவடியில் முனகிக்கொண்டு கிடக்கிறது, பூனைகள் இளைக்கின்றன என்றால் வேறு நல்ல வீடு பாருங்கள். பூனை இல்லாத வீட்டில் அந்த நாய் நிம்மதியாக இருக்கும். குட்டிப்பூனை இருக்கும் வீட்டில் இந்தப் பரீட்சையே வேண்டாம். எங்கள் வீட்டிலும் யாரும் இல்லாத நேரத்தில் குண்டன், சுந்தரி இருவருமே பின் அறையில்தான், நடுக்கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். விருந்தாளிகள் வந்தால் செருப்பைக் கழற்றும்போதே அம்மா சொல்லிவிடுவார், அந்தக் கதவை மட்டும் தொடாதீர்கள் என்று.