கடல்நீர் யுரேனியம்: எந்தத் தண்ணீரில் அளந்தார்கள் என்று முதலில் கேளுங்கள்

கடல்நீரிலிருந்து யுரேனியம் எடுக்கும் ஆய்வில், ஒரு கிராம் பாலிமர் பல நூறு மில்லிகிராம் யுரேனியத்தைப் பிடித்தது என்று ஏதாவது கட்டுரை சொன்னால், எந்தத் தண்ணீரில் என்று பாருங்கள். பெரும்பாலும் அது யுரேனைல் நைட்ரேட் என்ற யுரேனிய உப்பைத் தாராளமாகக் கரைத்து, அமிலப் பக்கமாக வைத்த சுத்த நீராக இருக்கும். நிஜக் கடலில் இருப்பது லிட்டருக்குச் சுமார் 3.3 மைக்ரோகிராம். அதையும் மூன்று கார்பனேட்டுகள் கட்டிப்போட்டிருக்கும். கூடவே கால்சியமும் மெக்னீசியமும். அந்தக் கட்டிலிருந்து யுரேனியத்தைப் பிடுங்க இதுவரை அதிகம் கைகொடுத்த வேதித்தொகுதி அமிடாக்சைம்.

ஒரு சொட்டு விடாமல் எடுத்தாலும் ஒரு கிலோ யுரேனியத்துக்கு 3 லட்சம் கன மீட்டர் நீர் வேண்டும். பம்பு வைத்து இறைத்தால் கட்டுப்படியாகாது. நீரோட்டத்தில் இழையைக் கட்டித் தொங்கவிட வேண்டியதுதான். ஜப்பானில் முட்சு கடலோரத்தில் 1999 முதல் 2001 வரை 350 கிலோ துணியை மொத்தம் 240 நாள் மூழ்கவைத்ததில் தேறியது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

தயாரிப்பு இப்படி. பாலிஎத்திலீன் இழைக்கு எலக்ட்ரான் கற்றையில் 200 கிலோகிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) அளவில் கதிர்வீச்சு. உண்டாகும் தனி உறுப்புகளை (free radicals, எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) ஆக்சிஜன் தின்றுவிடும் என்பதால் உலர்பனியில் வைத்து, நைட்ரஜன் ஊதிய அக்ரைலோநைட்ரைல் கரைசலில் 65 டிகிரியில் ஒட்டவைப்பார்கள். கூடவே இட்டகோனிக் அமிலம் போன்ற நீர்விரும்பி ஒன்று அவசியம். அது இல்லாவிட்டால் இழை நனையாது, நனையாத இழை எதையும் பிடிக்காது. பிறகு ஹைட்ராக்சிலமீனில் 80 டிகிரி. நைட்ரைல் அமிடாக்சைமாக மாறும்.

ஆளைக் கவிழ்ப்பது அடுத்த படி: சுமார் 0.44 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், 80 டிகிரியில் வேகவைப்பது. வேகும் நேரம் குறைந்தால் இழை உப்பாது, பிடிப்பு மந்தம். கூடினால் அமிடாக்சைம் நீராற்பகுத்து கார்பாக்சிலேட் ஆகிவிடும். பார்வைக்கு இழை நன்றாக உப்பி அழகாகத்தான் இருக்கும். கடலில் இறக்கினால் கால்சியமும் மெக்னீசியமும்தான் வந்து உட்காரும். ஒவ்வொரு முறை தயாரித்த இழையிலும் சில துண்டுகளை வெட்டி 20 நிமிடம், 1 மணி, 3 மணி என்று வேகவைத்து, வடிகட்டிய நிஜக் கடல்நீரில் ஒப்பிட்ட பிறகே மொத்தத்தையும் போடுங்கள். வேறொருவர் தந்த நேரத்தை அப்படியே எடுத்தாள்வது வீண். ஒட்டிய அளவு மாறினால் நேரமும் மாறும்.

கடலில் இரண்டு எதிரிகள். வெளிச்சம் படும் ஆழத்தில் பாசி படிந்தால் பிடிப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம்வரை குறையலாம். இருட்டான ஆழத்துக்கு இறக்கினால் பாசித் தொல்லை பெரிதாக இல்லை, ஆனால் குளிர்ந்த நீரில் யுரேனியமும் குறைவாகவே ஏறும். இதில் இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிக்க முடியாது. மற்ற எதிரி வனேடியம். எடைக்கணக்கில் நீரில் யுரேனியத்தைவிடக் குறைவாக இருந்தும், இழையில் அதைவிடக் கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

இழை பிடித்த யுரேனியத்தைக் கழுவி எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமானது, ஆனால் சுற்றுக்குச் சுற்று இழை கெடும். 1 மோலார் சோடியம் கார்பனேட்டில் 0.1 மோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்தால் மென்மையாக வேலை நடக்கும். 3 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட் 40 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் யுரேனியம் ஏறக்குறைய முழுதும் இறங்கும். அதன்பின் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் அலசினால் ஒட்டிய கரிமக் கசடும் போகும். வனேடியம் மட்டும் பெரும்பாலும் நகராது. அதை இறக்கும் அளவுக்குக் காட்டமான அமிலம் அமிடாக்சைமையும் சேர்த்து அழிக்கும் என்பதால், அந்த இடங்கள் அடுத்த சுற்றில் யுரேனியத்துக்குக் கிடைக்காது.